மூன்று நிமிடம் நாற்பது நொடி

பெர்கன் நகராட்சியில் என் வேலை
நிமிடங்களுக்கு விலை போடுவது.
வேலைக்குப் போகிறவரின் நிமிடம் மூன்று குரோனர்.
கடைக்கோ காதலியைப் பார்க்கவோ போகிறவருடையது
அதில் பாதிகூட இல்லை.
யார் வைத்த விலை என்று என்னைக் கேட்காதீர்கள்,
கையேட்டில் இருக்கிறது.

டிராம் வந்தால் ஒரு பயணத்தில் மிச்சம்
சராசரியாக மூன்று நிமிடம் நாற்பது நொடி.
அதை நாளுக்கு இருபதாயிரம் பேரால் பெருக்கி,
நாற்பது வருடத்தால் பெருக்கி,
வரப்போகும் காலம் தூரத்தில் இருப்பதால்
ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு தேய்த்து,
கடைசியில் ஒரு தொகை வந்தது.
செலவைவிட ஒரு விரற்கடை அதிகம்.
அந்த விரற்கடையை நம்பித்தான்
தெருவைப் பிளந்தார்கள்.

நான்கு குளிர்காலம் வயிறு திறந்து கிடந்தது தெரு.
மழை இங்கே விருந்தாளி அல்ல, வீட்டுக்காரன்.
முதலில் பள்ளத்தில் குடியேறியது அதுதான்.
போலந்திலிருந்து வந்த ஸ்பிக்னியேவும் கூட்டாளிகளும்
எந்த வரைபடத்திலும் இல்லாத
தண்ணீர்க்குழாய் ஒன்றைக் கண்டெடுத்தார்கள்.
பிறகு இன்னொன்று.
பிறகு ஏதோ ஒரு பழைய மரப்பாலத்தின் கால்கள்.
தொல்லியல்காரர்கள் தூரிகையோடு வந்து குந்தினார்கள்.
ஏழு வாரம்.
பட்ஜெட் மழைக்காலத்துக் கதவு மாதிரி,
உப்பிக்கொண்டே போகும், சாத்த வராது.

பள்ளத்தின் விளிம்பில் ஐவின் டோஃப்டேயின் ரொட்டிக்கடை.
பலகை மேல் நடந்துதான் வாசலுக்கு வரவேண்டும்.
முதலில் குழந்தைத் தள்ளுவண்டிக்காரர்கள் நின்றார்கள்,
பிறகு புதுச் செருப்புக்காரர்கள்,
பிறகு எல்லோரும்.
எங்களுக்குப் பதினோரு கடிதம் எழுதினார்.
பதினோராவதில் வசை இல்லை,
விற்காத ரொட்டிகளின் எண்ணிக்கை மட்டும்,
கிழமை வாரியாக.
என் அட்டவணையில் அதற்கு ஒரு வரி உண்டு:
தற்காலிக இடையூறு.
அவர் கடையை மூடியது தற்காலிகமாக அல்ல.
அதற்கு வரி இல்லை.

இன்னொன்றுக்கும் இல்லை.
டிராம் ஓடத் தொடங்கிய வாரம்
ஹோதன் தன் சக்கர நாற்காலியோடு
யாரையும் கூப்பிடாமல், யாருக்கும் நன்றி சொல்லாமல்
மேடையிலிருந்து நேராக உருண்டு உள்ளே வந்தாள்.
எதிர் இருக்கையில் நான்.
ஜன்னலைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள்,
அப்படியொரு அலட்சியமான, அழகான கொட்டாவி.
நன்றி சொல்லாதிருக்கும் உரிமைக்கு
எத்தனை குரோனர் போடுவது?

ஈரத் தண்டவாளத்தின் இடுக்கில் சைக்கிள் சக்கரம் மாட்டி
எங்கள் தலைமைப் பொறியாளரே மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.
விபத்துப் பட்டியலில் எண் பதினேழு.
சிரித்தவர்கள் பெயர் பட்டியலில் ஏறவில்லை.

கடைசி நிறுத்தத்தின் பக்கம் வாடகை ஏறியது.
நிலமதிப்பு உயர்வு என்று
லாபத்தில் எழுதினேன்.
அங்கே குடியிருந்த என் தங்கை
தண்டவாளம் முடிகிற இடத்தையும் தாண்டிப் போய்விட்டாள்.
பஸ்ஸில் வருகிறாள். பேசுகிறாள்.
டிராமைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

போன செவ்வாய், காலை ஆறு மணி வண்டி.
மழைதான்.
கம்பியைப் பிடித்தபடி ஐவின் டோஃப்டே.
இடம் இருந்தும் உட்காரவில்லை.
ஊரின் மறுகோடியில், வேறொருவர் ரொட்டித் தொழிற்சாலையில்
இப்போது அடுப்பு பார்க்கிறார்.
பழைய கடையருகே வளைவில் வண்டி கீச்சிட்டது.
அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை,
என்னைப் பார்த்தார். தெரிந்துகொண்டார்.

அப்போதுதான் உறைத்தது,
என் கணக்கில் அவரும் இருக்கிறார் என்று.
நஷ்டத்தில் அல்ல.
பயணி ஒருவர், வேலை நிமித்தம்,
மிச்சம் மூன்று நிமிடம் நாற்பது நொடி,
நாள்தோறும், போகவும் வரவும்.

"சீக்கிரம் போய்விடுகிறது" என்றார்.
குறையா பாராட்டா, குரலில் தடயம் இல்லை.
கோட்டுப் பையிலிருந்து காகிதத்தைப் பிரித்து
இலவங்கப்பட்டை பன் ஒன்றை எடுத்தார்.
எனக்கு நீட்டவில்லை.
நியாயம்தான்.
மெதுவாக, சுருள் சுருளாகப் பிரித்துத் தின்றார்.

பழக்கத்தில் கடிகாரத்துக்குப் போன கண்ணை
இழுத்துப் பிடித்து
மழையின் மேல் வைத்தேன்.