ஒன்றரை மீட்டர்

டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கு என்றான் ஃபெர்மின்.
கட்டைவிரலால் அமுக்கினால்
பழுத்த அத்திபோல் அமுங்க வேண்டுமாம்.
நாற்பது டன் லாரிக்கு எட்டரை பார் அடைத்துப் பழகிய கை
மனசில்லாமல் வால்வைத் திறந்தது.
ஸ்ஸ்.

முன்பு இரும்புக்கல் ஏற்றிய ரயில் போன வழி இது.
தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள்.
மிச்சம் சரளை.
பேர்தான் சரளை,
சரளமாக ஓரடி நகர விடாது.
பல் கிட்டும். மூக்குக்கண்ணாடி குதிக்கும்.
வைதாலும் வார்த்தை நாலாய் உடைந்து விழும்.
ஆனால் ஏற்றமோ, ஏற்றமென்றே தெரியாத ஏற்றம்.
எஞ்சினுக்கு மூச்சு வாங்கக் கூடாதென்று
மலையை நயந்து நயந்து சுற்றியிருக்கிறார்கள்.
அந்தச் சலுகை இப்போது
என் அறுபத்து மூன்று வயது முழங்காலுக்கு.

பார்சிலோனாவிலிருந்து காரின் கூரையில்
சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள்
பழைய ஸ்டேஷன் வாசலில் இறங்கிக் கைகளை விரிக்கிறார்கள்.
"அப்பாடா, போக்குவரத்தே இல்லை!"
நான் தலையாட்டுகிறேன்.
முப்பத்தோரு வருஷம்
அந்தப் போக்குவரத்து நான்தான்.

சரகோசாவிலிருந்து கடல்வரை.
பன்றிக்கறி, ஓடு, ஆரஞ்சு,
ஒருமுறை வைக்கோலில் பொதிந்த கோயில் மணி ஒன்று,
ஒவ்வொரு வளைவிலும் லேசாக முனகியபடி.
ஊர்களை வேகத்தடைகளாக மட்டுமே தெரியும்.
பிப்ரவரியில் பாதாம் பூப்பது
ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளைக் கீற்று,
அவ்வளவுதான்.

இப்போது ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
பதினோரு மிதி.
எண்ணிவிட்டேன்.
எட்டாவது மிதியிலேயே தேனீச் சத்தம் தொடங்கிவிடுகிறது.

மூன்றாம் சுரங்கத்துக்கு முன்னால் ஆட்டுமந்தை.
இருநூறு இருக்கும்.
வழியை அடைத்து நின்று,
எங்களைப் பார்த்து அசைபோட்டன.
என் வலது உள்ளங்கை தானாக எழுந்து
ஹேண்டில்பாரின் நடுவே ஓங்கி ஒரு தட்டு தட்டியது.
அங்கே ஹார்ன் இல்லை.
மேய்ப்பர் லஹ்சென் பார்த்துவிட்டார்.
"ஒரோசியா, இதுகளுக்கும் லைசென்ஸ் இருக்கு" என்று சிரித்தார்.
நாய் நடுவில் புகுந்து ஓட, மந்தை இரண்டாய்ப் பிளந்தது.

சுரங்கத்துக்குள் விளக்கு எரியவில்லை.
கூரை சொட்டுகிறது.
பின்னால் எங்கோ இன்னொரு சைக்கிளின் சரளைச் சத்தம்,
நெருங்கி, நெருங்கி.

ஃபெர்மினிடம் இதைச் சொன்னதில்லை.
இரண்டாயிரத்து நாலு, நவம்பர், மழை.
ரோட்டோர வெள்ளைக் கோட்டின்மேல் ஒரு சிவப்புச் சட்டை.
ஒன்றரை மீட்டர் விட வேண்டும்.
நான் விட்டது ஒரு முழம் இருக்குமா?
கண்ணாடியில் அவன் ஆடினான்.
பிறகு வளைவு.
வளைவுக்குப் பின் கண்ணாடியில் வெறும் மலை.
மறுநாள் பெட்ரோல் பங்கில் செய்தித்தாளை எடுத்தேன்,
பிரிக்காமல் இருந்த இடத்திலேயே வைத்தேன்.
காப்பி மட்டும் குடித்தேன்.

மணி அடித்துவிட்டு அந்த ஆள் எங்களைத் தாண்டிப் போனான்.
யாரோ ஒரு இளவட்டம். நன்றி என்று கத்தினான்,
சுரங்கம் அதை மூன்று தடவை சொன்னது.

வெளிச்சத்துக்கு வந்ததும்
ஃபெர்மின் என் முழங்கையைப் பார்த்தான்.
தோல் உரிந்து, சுவரின் கரி அப்பியிருந்தது.
"லாரியே போகலாம் அவ்வளவு அகலம்!
நீ ஏன் சுவரோடு ஒட்டினாய்?"
"பழக்கம்" என்றேன்.
பழக்கம் இருந்திருந்தால்.

தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். எரிந்தது.
கீழே பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலை.
இவ்வளவு உயரத்துக்கு அதன் சத்தம் ஏறுவதில்லை.
ஒரு லாரி, எறும்பு சர்க்கரையை இழுத்துப் போவதுபோல.
ஓட்டுகிறவருக்குப் பசிக்கலாம்.
ஏழு மணிக்குள் துறைமுகம் சேர வேண்டியிருக்கலாம்.

கையால் வெயிலை மறைத்துப் பார்த்தேன்,
அதற்கு முன்னால், வெள்ளைக் கோட்டின்மேல்
சின்னதாக ஏதாவது நகர்கிறதா என்று.