பின் இருக்கை, வலப்பக்கம்

கதவைச் சாத்திப் பார்த்தேன்.
அதற்காகத்தான் வாங்கினேன்.
டப் என்றுகூட இல்லை,
சாக்கு மேல் சாக்கை வைத்த மாதிரி
ஒரு சின்ன அமுக்கம்.
அப்புறம் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோடு
ஊமையாகிவிட்டது.

முப்பத்தொரு வருஷமாக நீடாமங்கலத்தில்
ரேடியோ செட் போடுகிறவன் நான்.
காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம்,
ஆடி மாசம் முப்பது நாளும்
புங்க மரத்தில் கட்டிய குழாய்.
ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கி
இடது காது எப்போது போனதென்றே தெரியாது,
சொல்லாமல் நின்றுபோன
வேலைக்காரப் பையன் மாதிரி.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்துப் பென்ஸ். கறுப்பு.
புது ஆல்டோவைவிட விலை குறைவு.
ஆர்.சி. புத்தகத்தில் எனக்கு முன்னால் மூன்று பேர்:
கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்,
சேலத்தில் ஒரு கல்குவாரி,
தஞ்சாவூர் எலும்பு டாக்டர்.
நான்காவதாக என் பெயரை அடித்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க்
நிமிர்ந்து என் செருப்பைப் பார்த்தார்.

"யானை வாங்கிட்டீங்க.
அங்குசத்துக்குக் காசு இருக்கா?"
கேட்டவர் கூத்தாநல்லூர் ஜபருல்லா.
ஷார்ஜாவில் பதினாறு வருஷம்
இதே வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர்.

இருந்தது. முதல் மாதத்துக்கு மட்டும்.
முன் சக்கரத்துக் காற்றுப் பை கிழிந்து
ராத்திரி ஒழுங்காக நின்ற வண்டி
விடியும்போது ஒரு முழங்காலை மடக்கி
ஒட்டகமாகக் கிடக்கும்.
சாவியைத் திருப்பினால்
பெருமூச்சு விட்டு எழுந்திருக்கும்,
என் அப்பா போலீஸ்காரரைப் பார்த்தால் எழுவது போல.
பை முப்பத்தெட்டாயிரம். டெல்லியிலிருந்து வரணும்.
பெரிய ஸ்பீக்கர் நான்கை
வலங்கைமான்காரனுக்கு விற்றேன்.
சத்தத்தை விற்று நிசப்தம் வாங்குகிறேன் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டது
கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது.

தை அறுப்பு முடிந்து வயல் காலியானதும்
எலிகள் ஊருக்குள் ஏறின.
ஒயருக்கு மேலே என்னதான் பூசினானோ ஜெர்மன்காரன்,
பத்தாயத்து நெல்லை விட்டுவிட்டு
அதைத் தின்றன.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
கோவில்வெண்ணி தாண்டும்போது
இடப்பக்கத்திலிருந்து தையல்நாயகி
"உள்ள என்னமோ பேசுது" என்றாளாம்.
மூன்றாம் தடவை
தோளில் தட்டிச் சொன்னாள்.

ஏ.சி. பெட்டிக்குள் ஆறு குஞ்சு.
கண் திறக்காதவை,
பில்டர் பஞ்சைப் பிய்த்து மெத்தை போட்டிருந்தது தாய்.
ஜபருல்லா கிரீஸ் துணியில் ஏந்திக்கொண்டுபோய்
வாய்க்கால் கரையில் வைத்தார்.
பில்லில் அதை மட்டும் எழுதவில்லை.

அன்றிலிருந்து அவள் முன்னால் உட்காருவதில்லை.
பின் இருக்கை, வலப்பக்கம்,
என் நல்ல காதுக்கு நேர் பின்னால்.
"டிக் டிக்குங்குது, மெதுவா போங்க."
"இப்ப ஒரு விசில்."
"இல்ல இல்ல, அது மீன்கொத்தி."
வேறு விஷயங்களும் சொல்ல ஆரம்பித்தாள்.
கல்யாணமான புதிதில் நான் கேட்காமல் விட்டவை.
அப்போது இரண்டு காதும் இருந்தது எனக்கு.

நீடாமங்கலம் கேட்டைப் பற்றி
இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.
ரயிலுக்கு இஞ்சின் மாற்றுகிறார்கள்.
மன்னார்குடி பஸ், திருவாரூர் பஸ், நெல் லாரி,
ஹார்னை அமுக்கினால் கேட் திறக்கும் என்று
எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை.
உள்ளே நாங்கள் இருவர்,
தண்ணீருக்குள் இருப்பது போல.

வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பையன் குனிந்து பார்த்துக்
கண்ணாடியைத் தட்டினான். என் கண்ணாடியை அல்ல.
அவள் இறக்கியதும் ஊரே உள்ளே விழுந்தது.
"அம்மா, டிரைவருக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்கம்மா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்,
வேலைக்கு வைக்கலாமா என்று யோசிப்பவள் போல.
இரண்டு வாங்கினாள்.
உப்பு மிளகாய்ப்பொடி ஸ்டியரிங்கில் கொட்டியது.
சூட்டு முள் ஒரு கோடு ஏறியிருந்தது.
ஏதோ சொன்னாள், ஹார்னில் கேட்கவில்லை.
"கண்ணாடிய ஏத்துங்கம்மா" என்றேன்,
டிரைவராகவே.

ஏறியது.
பாதியில் நின்றது.
அந்த மோட்டார் என்ன விலை என்று
எனக்குத் தெரியும்.