நீர் உறிஞ்சும் அளவு

ஒன்பது மாதம் அந்த மாடிப்படி ஏறினேன்.
கிருஷ்ணகிரி, பெங்களூர் சாலை, மருந்துக்கடைக்கு மேலே
'தபஸ்ஸும், ஆர்க்கிடெக்ட்' என்று ஒரு சின்னப் பலகை.
மூன்றாம் படி உடைந்திருக்கும்.
கட்டடம் வரைகிறவர் வீட்டுப் படியா இப்படி என்று
ஒவ்வொரு முறையும் நினைப்பேன்,
ஒவ்வொரு முறையும் தடுக்குவேன்.

கையில் வழவழப்பான தாள்.
நீலவானம், புல்வெளி, வெள்ளைக்காரக் குழந்தை,
பின்னால் எங்கள் கல்லில் எழும்பிய சுவர்.
அந்தச் சுவர் எந்த ஊரிலும் இல்லை.
ஓசூர்ப் பையன் ஒருவன் கணினியில் கட்டியது.
'உலகத் தரம். ஈடு இணையற்றது. தலைமுறைக்கும் நிற்கும்.'
எழுதியவன் நான்தான்.
சூளகிரி தாண்டி முனிவெங்கடப்பாவின் ஷெட்டில்
கிரானைட் அறுக்கையில் வழியும் சாம்பல் சேற்றை
சிமெண்டோடு பிசைந்து அழுத்திக் கல்லாக்குகிறோம்.
அதை எழுதவில்லை.
சேறு என்றால் யார் வாங்குவார்?

தீபாவளிக்கு முந்திரி.
பொங்கலுக்கு டைரி.
வைகாசியில் ஒரு கூடை மல்கோவா.
மாம்பழம் மருந்துக்கடையோடு நின்றுவிட்டதாகக் கேள்வி.
டைரி, ஜன்னல் கதவு அடிக்காமலிருக்க
முட்டுக்கொடுத்து நின்றது.

ஒருநாள் மதியம் கரண்ட் போனது.
அணைந்த திரையிலிருந்து தலை நிமிர்த்தி
முதல்முறையாக என்னைப் பார்த்தார்.
"இது எவ்வளவு தண்ணி குடிக்கும்?"
"மேடம்?"
"இந்தக் கல்லு. ஒரு நாள் முழுக்க ஊறினா?"
"கம்மிதான் மேடம்."
"கம்மின்னா?"
மின்விசிறி நின்ற அறையில்
என் மூச்சு எனக்கே கேட்டது.
"சரி, மூலையில எப்படித் திரும்பும்?"
தாளைப் புரட்டினேன்.
நேர்ச்சுவர். நேர்ச்சுவர். குழந்தை. நேர்ச்சுவர்.
"உங்க ஊர்ல வீட்டுக்கு மூலையே கிடையாதா?"

திரும்பும் பேருந்தில் மூலைகளாகவே தெரிந்தன.
டோல்கேட் அறைக்கு நாலு.
மாங்கூழ் ஆலைக்கு எண்ண முடியவில்லை.
ஒரு கோழிப்பண்ணைக்கும் இருந்தது.

ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
தராசு இரவல் வாங்கினோம்.
கல்லை டிரம்மில் ஒரு நாள் போட்டு,
எடுத்துத் துடைத்து எடைபோட்டான் மாதேஷ்.
நூற்றுக்குப் பதினொன்று.
"எட்டுன்னு போடு," என்றார் முதலாளி.
"மேடம் வாளியில போட்டுப் பாப்பாங்க, சார்."
முனிவெங்கடப்பா வெற்றிலையை இந்தப் பக்கத்திலிருந்து
அந்தப் பக்கம் தள்ளினார். பேசவில்லை.
மூலைக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன்.
"கொத்தனாருங்க வெட்டுறாங்க.
பத்துல மூணு உடையுது.
நம்மளைத் திட்டுறாங்க," என்றான் மாதேஷ்,
எல்லோருக்கும் தெரிந்த செய்தி போல.
அவன்தான் அச்சும் வரைந்தான். பெயர், முழங்கைக் கல்.
அச்சுக்கான பணம்
அந்த வருடத்து முந்திரியும் டைரியும்.

அடுத்த முறை ஒரே தாள். வானம் இல்லை.
நீளம், உயரம், எடை, பதினொன்று,
இணைப்புக்கு விடும் இடைவெளி,
முழங்கைக் கல்லின் படம்,
சேற்றுக்கு மேலே சேறு என்றே பெயர்.
கடைசியில் இரண்டு வரி:
பூச்சில்லாமல் மழைத்திசைச் சுவருக்கு வேண்டாம்.
தரைக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.
கூடவே, நடுவில் உடைத்த ஒரு கல்,
உள்ளே எப்படி என்று பார்க்க.

அவர் அந்த இரண்டு வரியை
இரண்டு தரம் படித்தார்.
கல்லை மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் வைத்துவிட்டு
"ஐப்பசி போகட்டும்," என்றார்.

ஐப்பசி போனது. கார்த்திகையும் பாதி போனது.
அழைப்பு வந்தபோது
ஆர்டர் என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை.
"காவேரிப்பட்டணம் கிளினிக்குக்கு
ஜன்னல் உயரம் உங்க கல்லு ஆறு வரிசை.
வெட்ட வேணாம். வந்து வரைபடத்தைப் பாருங்க."

ஏறினேன். கால் பழக்கத்தில் தடுக்கப் பார்த்தது.
தடுக்கவில்லை.
மூன்றாம் படிக்குப் புதுக் கல் போட்டிருந்தார்கள்.
எங்களுடையது அல்ல.

குனிந்து தட்டிப் பார்த்தேன்.
எவ்வளவு தண்ணி குடிக்குமோ.