சென்னி07

சென்னியப்பன் வேலையை விட்டுப் போய்
மூன்று வருசம் ஆகிறது.
ஊத்துக்குளிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்.
ஆனாலும் எங்கள் கணினியில்
நேற்று ராத்திரி இரண்டு பத்துக்கு
நேவி ப்ளூவின் சாயக் கணக்கை மாற்றி
ஒப்புதலும் கொடுத்திருக்கிறார்.

தணிக்கைக்கு வந்த பெண்
அந்த வரியின்மேல் மஞ்சள் பூசினாள்.
"ஆளில்லாத பெயர். பெரிய ஓட்டை."
திருப்பூர் ஸ்டேஷனில் அவள் பிடிக்க வேண்டிய ரயிலுக்கு
இன்னும் நேரமிருந்தது.

"சென்னி நம்ம பையன்தானுங்களே,
அவன் பேர்ல நடந்தா தப்பு வராது" என்றார் முதலாளி.
அதே மூச்சில்
ஜெர்மனி ஆர்டர் நின்றுவிடுமா என்றும் கேட்டார்.

அர்த்தநாரிக்கு ஒரு பெயர் என்றால் ஓர் உரிமக் கட்டணம்.
ஒன்பது பேர் ஒரே பெயரில் நுழைவதைச்
சிக்கனம் என்ற தலைப்பில் எழுதி வைத்திருந்தார்,
எட்டால் பெருக்கி.

பிருந்தா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்:
"வெள்ளிக்கிழமை கப்பல்.
யார் பேர் வேணா இருக்கட்டும்."

நான் கொள்கை எழுதுகிறவள்.
பதினான்கு பக்கம்.
எல்லோரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டார்கள்.
நான்காம் பக்கம் இரண்டு முறை அச்சாகியிருந்தது.
அதிலும் இட்டார்கள்.

மாலை ஆறரைக்குச் சென்னி07ஐ நீக்கினேன்.
"நிச்சயமாகவா?" என்றது திரை.
அன்று முழுக்க என்னைக் கேள்வி கேட்டது
அது ஒன்றுதான்.

விடிகாலை மூன்றே முக்கால்.
சாயப்பட்டறையிலிருந்து பிகாஷ்.
"அக்கா, சென்னி தொறக்க மாட்டேங்குதுங்."
ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு வருசத்தில்
அது ஓர் ஆளின் பெயரென்று
ஒருவரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

முன்னூறு கிலோ துணி
அறுபது டிகிரியில்
தொட்டிக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.
புதுப் பெயர் சேர்க்க மூவர் ஒப்புதல் வேண்டும்,
பதின்மூன்றாம் பக்கம், நான் எழுதியது.
மூவரும் தூங்குகிறார்கள்.

கட்டிலில் உட்கார்ந்தபடி
என் பெயரில் திறந்துவிட்டேன்.
எந்திரம் இரைந்தது.
"நாளைக்கு உனக்கே ஒண்ணு போட்டுடறேன்,
உன் முழுப்பேர் சொல்லு" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

"எதுக்குங்க்கா?" என்றான்.
"கலர் சரியாத்தானே வந்துச்சு?"