யாருடைய குழி

மாரத்தஹள்ளிப் பாலத்தடி. இரவு இரண்டே முக்கால்.
மெட்ரோவுக்குத் தோண்டிய ஜேசிபி
மீன்குடல்போல் வெளியே இழுத்துப் போட்டிருக்கிறது
எங்கள் கேபிளை.

எங்கள் என்றா சொன்னேன்?

உடைந்த குழாய் ஒரு கம்பெனியுடையது.
அதற்குள் கிடக்கும் இழை இன்னொருவருடையது.
இழைக்குள் ஓடும் வெளிச்சத்தை
வாடகைக்கு எடுத்தவர் மூன்றாமவர்.
அவரிடம் மொத்தமாய் வாங்கிச் சில்லறையில் விற்பவர் பெயர்தான்
உங்கள் பில்லில் அச்சாகிறது.
டவரின் சொந்தக்காரர் வேறு.
டவர் நிற்கும் மொட்டைமாடி ஒரு பல் டாக்டருடையது.
கரண்ட் போனால் அதற்கு டீசல் ஊற்றுகிறவன் என் மச்சான்.
நான்,
ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தக்காரரிடம்
ஒட்டுக்கு இவ்வளவென்று கூலி வாங்குகிறவன்.
ஊர் கோலார் தங்கவயல்.
குழிக்குள் இறங்குவது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல.

ஒரே குழாயில் நான்கு கேபிள்கள்.
பகலெல்லாம் ஹோர்டிங்கில் முறைத்துக்கொள்பவை
இங்கே தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கின்றன,
அன்ரிசர்வ்டு பெட்டியில் தூங்குகிறவர்கள்போல.
அவற்றில் ஒன்றுதான் என்னுடைய பங்கு.
மற்ற மூன்றுக்கு மூன்று வேன்கள் வரும்,
வராமலும் போகும்.

வளையம் என்று டிரெயினிங்கில் படம் போட்டார்கள்:
இந்தப் பக்கம் அறுந்தால்
அந்தப் பக்கமாய்ச் சுற்றி வந்துவிடுமாம் பேச்சு.
அந்தப் பக்கம் ஹெப்பாளில் செவ்வாய்க்கிழமையே அறுந்தது.
புகார் இன்னும் திறந்தே கிடக்கிறது.
ஆக வளையம் இப்போது ஒரு கோடு.
கோடும் இரண்டு துண்டு.

நடுவில் இருபது மீட்டர் புதுக் கேபிள்.
இழை நாற்பத்தெட்டு.
இரு முனையும் சேர்த்துத் தொண்ணூற்றாறு ஒட்டு.
நீலம், ஆரஞ்சு, பச்சை, காப்பி,
சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு,
மஞ்சள், ஊதா, ரோஸ், கடைசியில் கடல்நிறம்;
டார்ச் வெளிச்சத்தில் ஊதாவும் ரோஸும் ஒன்றுதான்.
தோல் உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து,
நுனி வெட்டி, மெஷினில் வைத்தால்
ஒரு சிறு மின்னல்.
இழப்பு 0.02 என்கிறது திரை.
என் தங்கை கல்யாணத்தில் இதைவிட அதிகம் போனது.

அரைக்கால் சட்டையில் இறங்கி வந்தார்
எதிர் அபார்ட்மென்ட்காரர்.
அமெரிக்காவோடு மீட்டிங் பாதியில் நின்றதாம்.
"நீ எந்தக் கம்பெனி?"
குனிந்து என் சட்டையைப் பார்த்தேன்.
அதில் இருந்தது போன வருஷ ஒப்பந்தத்தின் பெயர்.
"நான் வேன், சார்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை, எனக்கும்தான்.

ஐந்தரைக்கு, கடைசி கடல்நிறம்.
ஹைதராபாத் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு
வெளிச்சம் வருகிறதா என்று கேட்க வேண்டும்.
என் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.
என் சிம்மும்
இதே குழிக்குள்தான் அறுந்து கிடக்கிறது.

ஜேசிபி ஓட்டிய பசலிங்கா
ராத்திரி முழுக்கப் பக்கெட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தான்,
சூப்பர்வைசர் வந்தால் சம்பளத்தில் பிடிப்பார் என்று.
மேப்பில் கோடே இல்லையண்ணா, கோடே இல்லை,
இதையே திரும்பத் திரும்பச் சொன்னவன்
இப்போது தன் போனை நீட்டினான்.
அதில் இரண்டு கோடு.
அது எந்தக் கம்பெனி, எந்தத் தெரு வழியாகப் போகிறது,
யார் குழாயில், யார் இழையில்,
கேட்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

வருகிறது என்றது ஹைதராபாத்.
ஒரு நிமிஷத்தில் என் போன் பையில் துடித்தது:
அன்பான வாடிக்கையாளரே,
உங்கள் பிளான் இன்றோடு முடிகிறது.

டப்பாவை மூடி, தேதி எழுதி,
மண் தள்ளும்போது பசலிங்கா கேட்டான்:
நாளைக்கு அந்தப் பக்கம் தோண்டணும்,
அங்கே கேபிள் உண்டா?
எனக்கு எப்படித் தெரியும்.
கேட்க வேண்டிய நம்பரைக் கொடுத்தேன்.
நின்ற இடத்திலேயே போட்டான்.
மணி போகிறது, இப்போதெல்லாம் போகிறது,
போய்க்கொண்டே இருக்கிறது.