குறைந்தது ஒரு மணித்தியாலம்

"கடந்த ஏழு நாட்களில்
குறைந்தது ஒரு மணித்தியாலமாவது
ஊதியத்துக்காகவோ இலாபத்துக்காகவோ
வேலை செய்தீர்களா?"

இதை நான் அப்படியே வாசிக்க வேண்டும்.
விளக்கக் கூடாது, சொல் மாற்றக் கூடாது,
பயிற்சியில் மூன்று தரம் சொன்னார்கள்.
யசிந்தாக்கா நிமிராமல் கேட்டார்:
"எந்த ஏழு நாள்?"

குருநகர். தொடர்மாடிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில்.
ஒன்பது மணிக்கே கூரை கொதிக்கிறது.
பேசினுக்குள் ஐஸ், ஐஸுக்குள் விரல்கள்.
தலையைத் திருகி, கோதை உரித்து,
முதுகுக் குடலை இழுத்து, ஒன்று.
திருகி, உரித்து, இழுத்து, ஒன்று.
நான் ஒரு கேள்வி முடிப்பதற்குள்
அவர் பதினொரு இறால் முடிக்கிறார்.

தொழில் தருநரின் பெயர்?
"நீல வான்."
நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா?
"வானுக்கு நம்பர் இருக்கு."
நியமனக் கடிதம்?
கொட்டிலில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள்.
எமில்டா ஒரு இறாலைத் தூக்கிக் காட்டி
"இதில முத்திரை குத்தித் தாறவங்கள்" என்றாள்.

ஊழியர் சேமலாப நிதிக்காக
ஏதேனும் கழிக்கப்படுகிறதா?

"கழிக்கிறான்."
நான் நிமிர்ந்தேன்.
"கிலோவுக்கு நூறு கிராம். ஐஸ் தண்ணியாம்.
பதினாலு வருசமாக் கழிக்கிறான்.
உந்த நிதியில அதைப் போட்டு வைச்சிருந்தா
சொல்லு பிள்ளை,
அறுபது வயசில எனக்கு
எவ்வளவு தண்ணி வரும்?"

டப்பில் இரண்டே பெட்டி, ஆம், இல்லை.
இரண்டையும் தொடாமல் கடக்கப் பார்த்தேன்.
சிவப்பில் எழுந்தது:
இந்தக் களத்தை வெறுமையாக விட முடியாது.
களம் என்று மொழிபெயர்த்தவர் எந்த ஊரோ.
இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால்
ஆட்கள் முதலில் திசை பார்ப்பார்கள்.

"இல்லை எண்டு போடு" என்றார்.
"வான் எண்டும் போடாதை. பதிவு கிதிவு எண்டு
ஆரும் வந்து நிண்டா அவன் மன்னாருக்குப் போயிடுவான்.
புதன்கிழமை லோன்காரன் வருவான்,
அவன் மன்னாருக்குப் போகான்."

போட்டேன்.

பிறகு அவர் கேட்டார், எனக்கு என்ன தருகிறார்கள் என்று.
படிவத்துக்கு இவ்வளவு என்றேன்,
முழுமையான படிவத்துக்கு.
கதவு பூட்டியிருந்தால் இல்லை,
பாதியில் எழுந்து போனால் இல்லை,
ஓட்டோக் காசு என்னுடையது.
பட்டமளிப்புப் படத்தை எடுத்துக்கொண்டு
கச்சேரி வாசலில் நாற்பத்தொரு நாள்
பந்தல் போட்டு இருந்ததைச் சொல்லவில்லை.
"அப்ப நீயும் கிலோக் கணக்குத்தான்"
என்றார், விரல் நிற்காமல்.

வருகிற ஆண்டு நடுவில் அறிக்கை வரும்.
வழுவழுப்பான தாள், நீலத் தூண்கள்.
யாழ்ப்பாண மாவட்டத்தில் வேலையின்மை
தசமத்துக்குப் பின்னால் கொஞ்சம் இறங்கியிருக்கும்.
அந்த இறக்கத்தில் ஏழு பேசின்கள்,
எமில்டாவின் சிரிப்பு, நானும்.
குளிரூட்டிய அறையில் யாரோ ஒருவர்
பரவாயில்லை, வடக்கு எழும்புகிறது என்று
அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.
பொய் என்று சொல்ல முடியாது.
ஒரு மணித்தியாலம் என்றால்
ஒரு மணித்தியாலம்தான்.

கடைசியில் கையொப்பம், திரையில் விரலால்.
யசிந்தாக்காவின் விரலைத் திரை அறியவில்லை.
ஐஸில் ஊறி வெளிறி ரேகை சுருங்கிய விரல்.
சட்டையில் துடைத்தார். மீண்டும்.
நெற்றியில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு மீண்டும்.
மூன்றாம் தரம் ஒரு கோடு விழுந்தது,
வளைந்து, வாலோடு.
ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றது டப்.

வெளியே ஹோர்ன்.
எல்லோரும் எழுந்தார்கள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.
நீல வான்தான். பின்கதவில் தொங்கும் தராசு.
நான் செருப்பைத் தேடுகிறவள் போல் நின்று பார்த்தேன்.
முள் நாலரையில் ஆடி நாலரையில் நின்றது.

நாலு, என்று
கொப்பியில் எழுதினான்.