கம்பம்மெட்டு, விடிகாலை நாலரை

மூணாவது கொண்டை ஊசியில் ஜீப் நின்றுவிட்டது.
"எறங்குங்க" என்றான் சாஜன்.
பதினாலு பேரும் இறங்கித் தள்ளினோம்.

மார்கழிக் குளிர்.
ஒச்சம்மாவின் மூச்சு டார்ச் வெளிச்சத்தில் புகைந்தது.
அவள் கெண்டைக்காலுக்குள்
எண்ணிக்கை தெரியாத அதுகள்
அந்த மூச்சை வாங்கித்தான்
காலையில் குடித்த கஞ்சியை எரித்துக்கொண்டிருந்தன.

பிளஸ் டூவில் ஒரு மதிப்பெண் வினா:
செல்லின் ஆற்றல் நிலையம் எது?
மைட்டோகாண்ட்ரியா என்று எழுதி மார்க் வாங்கினேன்.
அது வந்தேறி என்பதை யாரும் கேட்கவில்லை.

என்றோ ஒரு பாக்டீரியா.
பெரியது ஒன்று விழுங்கியது,
செரிக்கவில்லை.
செரிக்காததுதான் இத்தனைக்கும் காரணம்.
தங்கியது, பெருகியது, உழைத்தது,
ஜீன்களில் முக்காலே அரைக்காலை
வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு
ஒரு சின்ன வளையத்தை மட்டும் கைவசம் வைத்துக்கொண்டது.
இனி வெளியே போய் அதுவும் பிழைக்காது.

அதற்கும் இரண்டு சவ்வு,
இந்த மேட்டில் இரண்டு செக்போஸ்ட் மாதிரி.
வெளியே இருப்பது லேசில் விடும்.
உள்ளே இருப்பது கறார்.
இடம் போதாமல் மடிந்து மடிந்து கிடக்கும்,
இந்தப் பாதையைப் போல.
வேலை நடப்பது அந்த மடிப்புகளில்தான்.

"மூணும் பொட்டையாப் போச்சே" என்பார்கள் ஒச்சம்மாவை.
எனக்குச் சிரிப்பு வரும்.
அது தாய் வழியில் மட்டுமே இறங்கும்.
ஆண்பிள்ளைக்கும் கிடைக்கும், ஆனால்
அவன்தான் கடைசி நிறுத்தம்.

ஜீப் இருமிக்கொண்டு கிளம்பியது.
மேட்டில் காவலர் டார்ச் அடித்தார்:
"எவிடுன்னா?"
கம்பம் என்றோம்.
ஒச்சம்மா மட்டும் சொல்லவில்லை,
இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.